மூலை முதலில் பட வேண்டும்

மார்ச் 4, 2024, திங்கள்

பட்டறையில் இன்று பெட்டியைக் கீழே போட்டுப் பார்க்கும் சோதனை. வெல்டிங்கைப் படம் பிடிக்க உதவும் கதிரியக்கப் பொருளை வண்டியில் கொண்டுபோகும் இரும்புப் பெட்டி. சோதனைக்கு உள்ளே ஈயக்கட்டிதான். ஒன்பது மீட்டர் உயரம் கிரேனில் தூக்கி இரும்புத் தகட்டின் மேல் விட வேண்டும். பலவீனமான மூடி மூலை முதலில் அடிபட வேண்டும்.

கொக்கியை விட்டதும் பெட்டி காற்றில் திரும்பித் தட்டையாக விழுந்தது. ஒரு கீறல் இல்லை. முதலாளி சந்திரசேகர் கைதட்டினார்.

"சார், மூலை படலை."

"விழுந்துச்சில்ல? உடையலையில்ல? இதே மாதிரி செஞ்ச இன்னொரு பெட்டி ஆர்டருக்குப் போகணும், கோகிலா. இழுத்தடிக்காதே."

சோதனைப் படிவத்தில் 'முதலில் பட்டது: மூலை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நானேதான்.

மார்ச் 5

படிவத்தைக் கையிலெடுத்து, மறுபடி இருந்த இடத்திலேயே வைத்தேன்.

மார்ச் 7, வியாழன்

பெட்டியை எடுத்துப்போக, வாங்கிய கம்பெனியின் டிரைவர் மணியன் அண்ணன் வந்தார். திருச்செங்கோட்டுக்காரர். பெட்டியைப் பார்க்கவே இல்லை. படிவத்தில் என் கையெழுத்தைப் பார்த்ததும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"நாள் முழுக்க இந்தப் பெட்டி முதுகுக்குப் பின்னாடியே இருக்குமே, பயமா இல்லையாண்ணா?" - இந்த வாய் ஏன் கேட்டது?

"என்னுங்க பயம்? நீங்க போட்டுப் பாத்துத்தானுங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. வாரேனுங்க."

சிரித்தேன். சிரித்தேனே, சண்டாளி!

மார்ச் 10, ஞாயிறு

ஆத்தூர் ரோட்டில் ஜவ்வரிசி லாரி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. யாருக்கும் அடியில்லை. மணியன் அண்ணன் வண்டி இப்போது எந்த ரோட்டில் போகிறதோ?

மார்ச் 11

மூலை படாதது கம்பெனிக்குத் தெரியணும் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். முதலாளி, "என் தலையில மண்ணள்ளிப் போட்டுட்டியே" என்று கத்தினார். கத்தட்டும். அவர் எதிரிலேயே கம்பெனிக்குப் போன் செய்தேன். அங்கே ஒரே கேள்விதான்: "தெரிஞ்சேதான் எழுதினீங்களா?"

"ஆமாம்" என்றேன். அவமானத்தில் காது எரிந்தது.

மார்ச் 14, வியாழன்

மணியன் அண்ணன் திருப்பிக் கொண்டுவந்த பெட்டியில் ஈயக்கட்டியை வைத்து, மூலை கீழே வரும்படி கட்டி, அதே ஒன்பது மீட்டரிலிருந்து விட்டோம். இரண்டு போல்ட் தெறித்து மூடி வாய் பிளந்தது. மணியன் அண்ணன் குனிந்து இடுக்கில் விரல்களை விட்டுப் பார்த்தார். நாலு விரலும் உள்ளே போயின.

"இதுக்கு முன்னாலதானுங்க நான் உக்காந்துட்டுப் போனது?"

என்னைத்தான் கேட்டார். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பார்ப்பேன்?

ஏப்ரல் 3, புதன்

தடித்த மூடியும் பெரிய போல்ட்டும் போட்ட புது மாதிரிப் பெட்டிக்குச் சோதனை. மூலையில்தான் விழுந்தது, மூலை நசுங்கியது, மூடி அசையவில்லை. வேலையை விட்டு என்னை அனுப்பவில்லை. இனி என் கையெழுத்துக்குக் கீழே கம்பெனி ஆளும் கையெழுத்துப் போடுவார். போடட்டும், அதுதான் சரி.

படிவத்தை மணியன் அண்ணனிடம் நீட்டினேன்.

"இருக்கட்டுங்க."

வாங்கவில்லை. பெட்டியின் பக்கத்தில் குந்தி, மூடியைச் சுற்றி நாலு பக்கமும் விரலால் தடவிப் பார்த்தார். அவர் எழுந்திருக்கும்வரை படிவத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.