துப்பாக்கி உறைக்கு மெழுகா, லாக்கர் பூச்சா?

ஆகஸ்ட் 6, 1996

சுந்தரராமன் இன்று பட்டறைக்கே வந்து, ஜூன் மழையில் நனைந்த துப்பாக்கி உறைகளை மேஜைமேல் கொட்டினார். தி. நகர் நகைக்கடைகளுக்குக் காவலாட்கள் அனுப்புகிற மனிதர். உறைகள் வேறு எங்கோ வாங்கியவை. ஊறின அப்பளம் மாதிரி கிடந்தன. "ஐப்பசிக்குள்ள புதுசா பண்ணிக் குடு, ஷரீஃப். தண்ணி ஒரு பொட்டு உள்ள போகப்படாது" என்றார். அண்ணன் தலையாட்டினார். வாங்குகிறவர் எதைச் சொன்னாலும் ஆடுகிற தலை அது.

வெட்டுவதும் தைப்பதும் அண்ணன். கடைசிப் பூச்சு என் வேலை, கல்யாணம் முறிந்து ராயப்பேட்டைக்குத் திரும்பிய நாளிலிருந்து. ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய தோலுக்கு வெளியே தேன்மெழுகு போதும், உள்ளே வெறும் தோலாக விட்டால்தான் ஈரம் காயும் என்றேன். யார் காதில் விழுந்தது?

ஆகஸ்ட் 19

நான் மெழுகு பூசிக் கொடுத்த சாம்பிள் உறையை மாட்டிக்கொண்டு காவலாள் அய்யாதுரை பாண்டி பஜார் வெயிலில் நின்றானாம். மெழுகு உருகி பேன்ட் முழுக்கக் கறை. "உன் மெழுகு அவன் தொடையில கீது" என்று அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். மெழுகில் எண்ணெய் அதிகம், நிஜம்தான். குறைத்து, மெழுகு இறுகக் கொஞ்சம் குங்கிலியம் சேர்த்துக் காய்ச்ச வேண்டும். அதற்காக இப்படியா சிரிப்பது?

ஆகஸ்ட் 27

அண்ணன் பொன்னுரங்கத்தைக் கூட்டிவந்திருக்கிறார். காருக்குப் பெயின்ட் அடிக்கிறவன்! உறைக்கு உள்ளும் புறமும் லாக்கர், அதுதான் காருக்கு அடிக்கிற அந்தப் பளபள வார்னிஷ், அடித்துக் காட்டினான். "தண்ணி இன்னா அக்கா, கடலையே ஊத்து. ஒண்ணியும் உள்ள பூராது."

உறையின் வாய் வழியாக ஈரம் உள்ளே போனால் எப்படி வெளியே வரும் என்று கேட்டேன்.

"அதான் மேல மூடி கீதே."

மகா மேதை. அண்ணனோ, "லாக்கர் ஓகே ஆச்சுன்னா உனக்கு ஏன் சிரமம்? வூட்டோட இரு. உன் மேஜையை எடுத்துடலாம்" என்கிறார். வீட்டோடா? அண்ணியின் அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டா? மாட்டேன். செத்தாலும் மாட்டேன்.

செப்டம்பர் 3

சோதனை. சுந்தரராமன் இரண்டு உறைகள்மேலும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். இரண்டுமே தாங்கின. என் புது மெழுகு காலை முழுக்க மொட்டைமாடி வெயிலில் கிடந்தும் அசையவில்லை. அவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது மங்கலா இருக்கே. நாலு பேர் பாக்கற எடம், மின்ன வேண்டாமோ?" என்றார். லாக்கர் ஜெயித்தது.

உறை வாங்க வந்தாரா, முகம் பார்க்கிற கண்ணாடி வாங்க வந்தாரா?

செப்டம்பர் 4

மேஜையை எடுத்துவிட்டார்கள்.

அக்டோபர் 24

அண்ணன் ஆள் அனுப்பினார், உடனே பட்டறைக்கு வா என்று. போனால் சுந்தரராமன் கத்திக்கொண்டிருக்கிறார். ஆயுத பூஜைக்கு ரிவால்வர்களுக்கெல்லாம் சந்தனத்தைக் கரைத்து அப்பி, குங்குமம் வைத்து, ஈரத்தோடு உறையில் சொருகி, மூடியை மாட்டி சரஸ்வதி படத்தின்முன் வைத்திருக்கிறார்கள். பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக்கூடாது அல்லவா, தொடவில்லை. லாக்கர் அடித்த உறைக்குள் ஈரம் எங்கே போகும்? மறுநாள் எடுத்தால் சிவப்புச் சிவப்பாக இருக்க, குங்குமம் என்று நினைத்துத் துடைத்தார்களாம். போகவில்லை. துரு.

பக்தியைக் குறை சொல்ல மாட்டேன். அத்தனை பெரிய மனிதர்களில் ஒருவருக்காவது ஈரத்தோடு உள்ளே வைக்கலாமா என்று தோன்றியிருக்கக் கூடாதா?

அதைவிடப் பெரிய கூத்து அண்ணன் செய்தது. சுந்தரராமன் முகத்தைப் பார்த்தே, "பூச்சு எல்லாம் என் தங்கச்சி பொறுப்பு சார்" என்றார். அடப்பாவி! மேஜையைத் தூக்கிக் கடாசிட்டு என் பொறுப்பாமே! வாயில் வந்ததையெல்லாம் விழுங்கினேன். பிறகு சொன்னேன்: "ஆமா சார். பூச்சு என் பொறுப்புதான். எல்லாத்தையும் திருப்பி அனுப்புங்க. அண்ணன் மறுபடி தைக்கட்டும், நான் பூசித் தரேன். இனிமே பூச்சு பத்தி எங்கிட்டயே கேளுங்க."

"அப்படியே ஆகட்டும்மா" என்றார் அவர்.

நவம்பர் 5

விடாத மழை. மேஜை பழைய இடத்துக்கு வந்துவிட்டது. மெழுகு காய்ச்சிக்கொண்டிருந்தேன். அண்ணன் முதல் உறையைத் தைத்து முடித்து எடுத்துவந்தார். வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"ஜஹனாரா, உள்ள என்ன பூசணும்?"

"ஒண்ணும் பூச வேணாம்."

"சரி" என்றார்.