நாங்கள் கேட்காத கை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையால் இங்கே மூன்று பேரும் சுகம், உன் அப்பாவின் முழங்கால் மட்டும் அந்தக் கணக்கில் சேராது. கிளச் மிதித்து மிதித்துத் தேய்ந்த கால், டாக்டர் ஓய்வு எடுக்கச் சொன்னார், இவரும் ஓய்வாகப் பேருந்து ஓட்டிக்கொண்டிருக்கிறார். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, குளிருக்குப் போர்த்திக்கொள்கிறாயா என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுவாய், அதனால் கேட்கவில்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் நீ நடுவில் ஒன்பது சொல்கிறாய், கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அன்றைக்கு நீ, விட்டுடும்மா, நல்லதுக்குத்தானே வரைஞ்சிருக்காங்க, ஒரு படத்துக்காக எல்லாரையும் பகைச்சுக்காதே என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். யார் உன் காதில் ஓதியது என்று எனக்குத் தெரியும், சபைச் செயலாளரின் மகன் உன் கூடப் படித்தவன்தானே. அவன் சொன்ன கதையைக் கேட்டாய், இனி நடந்ததை நான் சொல்கிறேன், கேள்.

மழையில் கோயில் கூரை ஒழுகி, பீடத்துக்குப் பின்னால் சுவரில் இருந்த படம் உரிந்து போனது உனக்குத் தெரியும். ஆண்டவர் நடுவில் உட்கார்ந்திருக்கச் சுற்றிலும் பிள்ளைகள் நிற்குமே, அதுதான். அந்தப் பிள்ளைகளை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், ஒன்றுக்காவது மூக்கு ஒழுகி நான் பார்த்ததில்லை. எல்லாம் சுருட்டை முடி, ரோஜாக் கன்னம், கூப்பிய கை, பொம்மைப் பெட்டியைப் பிரித்துக் கொட்டிய மாதிரி. இந்தத் தடவை நம் சபைப் பிள்ளைகளையே வரையலாம் என்று கமிட்டி முடிவு செய்தது, அது நல்ல முடிவு, நான் இல்லை என்று சொல்லமாட்டேன். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிற பெயின்டரைப் பிடித்தார்கள், அவர் ஞாயிறு பள்ளிக்கு வந்து எல்லாரையும் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். ஆண்டவர் மடியில் உட்கார வைக்க அவர் தேர்ந்தெடுத்தது உன் தங்கையைத்தான், நீ வேலைக்குக் கிளம்புகிற வயதில் பிறந்து அக்கம்பக்கத்தையெல்லாம் சிரிக்க வைத்த நம் பட்டாசை. மற்ற பிள்ளைகள் கேமராவைப் பார்த்ததும் விறைத்துப் போனார்களாம், இவள் மட்டும் அதைத் திறந்து காட்டச் சொன்னாளாம். எனக்குத் தலைகால் புரியவில்லை, தையல் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். போட்டோவுக்காக மஞ்சள் கவுன் தைத்தேன், அவளுக்கு எப்போதும் தைக்கிற மாதிரியே, வலது பக்கம் முழுக்கை, இடது பக்கம் முழங்கைக்குக் கீழே அவள் கை எங்கே முடிகிறதோ அங்கேயே மடித்து ஒரு சுருக்கு. பிறந்ததிலிருந்து அந்தக் கை அவ்வளவுதான், அதை வைத்துத்தான் நோட்டை அழுத்திப் பிடித்து எழுதுகிறாள், கதவைத் தள்ளுகிறாள், உன் அப்பா தூங்கினால் விலாவில் இடிக்கிறாள்.

பிள்ளைகள் ஞாயிறு அன்று திரையை விலக்குவதாக ஏற்பாடு. அதற்கு முன் போதகர் ஐயாவின் பிரசங்கம், வருஷா வருஷம் அதேதான். பிள்ளை வெள்ளைக் காகிதம், பிள்ளை மெழுகு, பிள்ளை ஆட்டுக்குட்டி, பிள்ளை ஏன் என்று கேட்காது, கொடுத்ததை வாங்கிக்கொள்ளும், நாமும் அப்படி ஆனால்தான் பரலோகம் போவோம் என்றார். இவர் பிள்ளை வளர்த்தவர்தானா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது, அவருடைய இளைய மகன் அந்த நேரத்தில் கோயில் மணிக்கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தான். பிறகு திரையை இழுத்தார்கள். மஞ்சள் கவுனோடு நம் பிள்ளை ஆண்டவர் மடியில் உட்கார்ந்திருந்தாள், முகம் அச்சு அசல் அவள்தான், இரண்டு கையையும் கூப்பிக்கொண்டிருந்தாள். இரண்டு கை, மகனே. விரலோடு, நகத்தோடு, நாங்கள் யாரும் கேட்காத ஓர் இடது கை. எல்லாரும் கைதட்டினார்கள். செயலாளர் என்னிடம் வந்து, பாத்தீங்களா எவ்வளவு அழகா வந்திருக்கு, உங்க மனசு குளிரணும்னு நாங்களே சொல்லி வரைய வெச்சோம் என்றார், கண்ணில் தண்ணீர் வேறு. அவர் நடிக்கவில்லை, நிஜமாகவே எனக்கு நல்லது செய்ததாகத்தான் நினைத்தார், அதனால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிந்தது. உன் தங்கை கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, அது யாரும்மா என்று கேட்டாள். நீதான்டி என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். நான் இல்ல, அவளுக்கு ரெண்டு கை இருக்கு, என் கவுனப் போட்டுக்கிட்டு என் எடத்துல உக்காந்திருக்கா என்றாள். அடுத்த ஞாயிறு கிளம்பச் சொன்னால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள், அவதான் இயேசப்பாகிட்ட இருக்காளே, நான் எதுக்கு என்று அங்கிருந்தே கேட்டாள். நீ என்னை எதை விட்டுவிடச் சொன்னாய் என்று இப்போதாவது புரிகிறதா? படத்தை இல்லை.

கமிட்டி கூடிய அன்று யாரும் அழைக்காமலே போனேன். பாட்டுப் புத்தக அலமாரியும் கால் உடைந்த நாற்காலிகளும் கிடக்குமே, அந்தப் பக்கத்து அறையில்தான் கூட்டம். உன் அப்பாவும் டூட்டி முடிந்து சீருடையோடு வந்து சுவரில் சாய்ந்து நின்றார். பெயின்டர் தலையைச் சொறிந்துகொண்டு, நான் முதல்ல இருக்கிற மாதிரியேதான் போட்டேன், இவங்கதான் சேர்க்கச் சொன்னாங்க என்றார். என் பிள்ளையை இருக்கிறபடி வரையுங்கள் என்றேன். போதகர் ஐயா பொறுமையாகத்தான் பதில் சொன்னார், இது பூமியில நடக்கிறது இல்லம்மா, பரலோகக் காட்சி, அங்க குறையோட யாரும் இருக்க மாட்டாங்க என்றார். அப்போது உன் அப்பா வாயைத் திறந்தார். கோயிலுக்குள் கொட்டாவி விடுவதற்குத் தவிர வேறெதற்கும் வாய் திறக்காத மனிதர். அப்போ ஆண்டவர் கையில அந்த ஆணித் தழும்பு எதுக்கு ஐயா, அதையும் பூசிடலாமே என்றார். ஆமாம், பரலோகக் காட்சி என்பதால் பெயின்டர் இரண்டு உள்ளங்கையிலும் தழும்பு போட்டிருந்தார். உயிர்த்தெழுந்த பிறகும் அவர் அந்தக் காயத்தை மறைக்கவில்லை, நம்பாத சீஷனைக் கூப்பிட்டுக் காட்டினார், இது இவர்களே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. அவர் கை அப்படி இருக்கலாம், என் பிள்ளை கை இப்படி இருக்கக் கூடாதா? செயலாளர் உடனே சமாதானம் பேச வந்தார், கை தெரியாத மாதிரி ஓர் ஆட்டுக்குட்டியைக் கொடுத்துவிடலாம், பிள்ளை அதை அணைத்துக்கொண்டிருந்தால் பார்க்கவும் நன்றாக இருக்கும் என்றார். ஸ்கூல் பையத் தூக்கவே அவ முனகுறா, இதுல ஆட்டையும் தூக்கணுமா என்று கேட்டேன். மறைத்து வைக்க அவள் என்ன திருடிவிட்டா வந்தாள்? இருக்கிறபடி வரையுங்கள், இல்லாவிட்டால் என் பிள்ளையை அங்கிருந்து எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். சரி, எடுத்துடுவோம் என்றார் போதகர் ஐயா, அவருக்கும் கோபம் வந்துவிட்டது.

எடுத்தும் விட்டார்கள். அடுத்த ஞாயிறு போய் உட்கார்ந்தேன், முன்வரிசையிலேயே உட்கார்ந்தேன், பயந்து வீட்டில் இருந்துவிடுவேன் என்று யாரும் நினைக்கக் கூடாது பார். சுற்றிலும் பிள்ளைகள், நடுவில் ஆண்டவர் இரண்டு கையையும் வளைத்துப் பிடித்தபடி இருக்கிறார், மடியில் ஒன்றும் இல்லை. அதற்குக் கீழே நின்று போதகர் ஐயா, பிள்ளைகள் ஆண்டவரிடம் வருவதை யாரும் தடுக்கக் கூடாது என்ற பகுதியை வாசிக்கிறார், சபை முழுக்க அந்தக் காலி மடியையே பார்க்கிறது. வேறு பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று தேடினார்கள். ஆர்கன் வாசிக்கிறவரின் பேத்தியைக் கேட்டதற்கு அவள் அம்மா, வேணாங்க, அது இன்னொரு பிள்ளையோட எடம் என்றாளாம். ரொட்டிக் கடைக்காரர் தன் பையனுக்குச் சளி என்றாராம், படத்தில் உட்காரச் சளி என்ன செய்யுமோ தெரியவில்லை. கடைசியில் செயலாளரின் மருமகளே தன் குழந்தையைத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள், அந்த வீட்டில் அன்று அடுப்பு எரிந்ததோ இல்லையோ. அதற்கு அப்புறம்தான் உனக்குப் போன் வந்திருக்கும், கூட்டிக் கழித்துப் பார்.

போன வாரம் போதகர் ஐயா தனியாகக் கடைக்கு வந்தார். வெட்டின துணியை ஒதுக்கி ஸ்டூலைப் போட்டேன். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அந்த மடிக்குக் கீழ நின்னு பிள்ளைங்களப் பத்திப் பேச எனக்கு வாய் வரலம்மா என்றார். பிறகு எப்படி வரையலாம் என்று உன் தங்கையையே கூப்பிட்டுக் கேட்டார். கொடுத்ததை வாங்கிக்கொள்கிற பிள்ளையா இது? கை கூப்ப மாட்டேன், கால ஆட்டிக்கிட்டுதான் உக்காருவேன், இந்தக் கைய இயேசப்பா தோள்மேல போட்டுக்குவேன், அந்தக் கையால தாடியப் பிடிச்சுக்குவேன் என்று அடுக்கினாள். இழுத்தா அவருக்கு வலிக்காதா என்று ஐயா கேட்டார், மெதுவாத்தான் இழுப்பேன் என்றாள். மனிதர் சிரித்துவிட்டார், அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. நேற்று பெயின்டர் வேலையை முடித்தார், அவள் சொன்ன மாதிரியே. போய்ப் பார்த்துவிட்டு, ம், இது நான்தான் என்று சொல்லிவிட்டு வந்து ஞாயிற்றுக்கிழமைக்கு ஷூவைத் துடைத்து வைத்திருக்கிறாள். செயலாளர் எங்களோடு பேசுவதில்லை, பாடகர் குழுவின் அங்கிகளை வேறு கடைக்குக் கொடுத்துவிட்டார், கொடுக்கட்டும். அடுத்த கமிட்டி வந்து மறுபடி பூசினாலும் பூசும். பூசினால் நான் மறுபடி போவேன், உன் அப்பாவையும் முழங்காலோடு இழுத்துக்கொண்டு போவேன், யார் தடுக்கிறார்கள் என்று பார்த்துவிடுகிறேன்.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை ஒட்ட எனக்கு மனசு வரவில்லை. போன மாதம் போனில் உன் அறையைச் சுற்றிக் காட்டினாயே, சுவரில் நம் நாலு பேர் படம் இருந்தது. ஓரத்தில் அவள் நிற்கிறாள், அவள் இடது தோளோடு படம் முடிந்துபோயிருந்தது. சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று நீ சொல்லலாம், நானும் அப்படித்தான் இருக்கும் என்று என்னையே தேற்றிப் பார்த்தேன். உன் அப்பா கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள். அண்ணா என்னக் கொஞ்சம் வெட்டிட்டான்மா என்றாள், சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், உன்மேல் கோபமில்லையாம். எனக்கு இருக்கிறது.

கோயில் படத்துக்குக் கீழே அவளை நிற்க வைத்து எடுத்த போட்டோவை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆண்டவர் உன்னையும் உன் வேலையையும் ஆசீர்வதித்து, எந்தக் கெடுதலும் அண்டாமல் பார்த்துக்கொள்வார், அதற்கு நான் தினமும் முழங்காலில் நிற்கிறேன். சளி பிடித்தால் அலட்சியமாக இருக்காதே. போட்டோவுக்குப் பெரிய சட்டமாக வாங்கு, கத்தரிக்கோலைத் தொடாதே.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேரையும் பெற்ற
அம்மா