ஓடையில் எழுந்து நின்றவள்

இன்று மாலை ஆபீஸ் முடிந்து ஸ்ரீரங்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். முனையில் இருக்கும் பஞ்சர் கடையில் ஒரு லாரி டியூபுக்குக் காற்றடித்து, தொட்டித் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தார்கள். நனைந்த ரப்பர் வாடை. அதைத் தாண்டி என்னால் நடக்க முடியவில்லை. ஏதோ வாங்க நிற்பவளைப்போல நின்றேன். கடைக்காரர், "என்னம்மா வேணும்?" என்றார். "ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நீ போய் இன்னும் இந்த மழைக்காலம்கூட முடியவில்லை.

கல்லூரி இரண்டாம் வருடம், பச்சமலையில் சேவை முகாம். துறையூரில் லாரி வைத்திருந்த உன் மாமாவிடமிருந்து நான்கு பழைய டியூப்களை வரவழைத்திருந்தாய். சின்ன வயதிலிருந்தே லீவு விட்டால் மாமா பையன்களோடு முகாமுக்குப் பக்கத்து ஓடையில் டியூபில் மிதந்து இறங்கியவள் நீ. ஞாயிற்றுக்கிழமை, முகாம் பொறுப்பாசிரியை கீழே துறையூருக்குப் போயிருந்தார். நீ, ஸ்டெல்லா, தனம், நான். முந்தின வாரம் பெய்த மழையில் ஓடை பாறைக்குப் பாறை குதித்து இறங்கிக்கொண்டிருந்தது. கிணற்றுத் தண்ணீரை எட்டி மட்டுமே பார்த்து வளர்ந்த மருங்காபுரிக்காரி நான். அந்தச் சத்தத்துக்கே இரண்டடி பின்னால் நகர்ந்தேன்.

உன் அண்ணனின் பழைய சட்டைகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தாய்.

"ஆம்பளைச் சட்டையா? யாராச்சும் பாத்தா?" என்றேன்.

"இங்க யாருடி பாக்கப் போறா? குரங்குதான் பாக்கணும்" என்றாள் ஸ்டெல்லா.

"தாவணி எதுலயாவது மாட்டும். சொன்னாக் கேளு" என்றாய் நீ.

நான் கேட்கவில்லை. தாவணியை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டேன். "விடுங்கடி, மகாராணி பட்டத்து உடுப்போடதான் வருவாங்களாம்" என்று நீ சிரித்தாய். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் தோளைப் பிடித்தாய். "ஒண்ணே ஒண்ணு. கவுந்துட்டா எந்திரிக்காத. மல்லாந்து, காலை முன்னால நீட்டிட்டுக் கிட. தண்ணியே கொண்டு போய் மடுவுல விட்டுடும். எந்திரிச்சா காலு பாறை இடுக்குல மாட்டிக்கும்."

முதல் சரிவில் என் டியூப் மூக்கைக் கீழே குத்தி விழுந்து, சுழன்று, நிமிர்ந்தது. நான் அலறினேன். அது பயம் இல்லை. அப்படி ஒரு சத்தம் என்னிடமிருந்து அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. "அட, இவளுக்குக் குரல் இருக்குடி!" என்று கீழே மடுவிலிருந்து கத்தினாய்.

மூன்றாவது சரிவில் கரையோரத்து முள் ஒன்று தாவணியைப் பிடித்து இழுத்தது. டியூப் கவிழ்ந்தது. நீ சொன்னது நினைவில் இருந்தது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். ஆனால் தாவணி முள்ளில் கிடந்தது, கரையில் மாடு மேய்க்கிற இரண்டு ஆண்கள் நின்றிருந்தார்கள். மல்லாந்து கிடக்க எனக்கு மனம் வரவில்லை. மார்பைக் கைகளால் மறைத்துக்கொண்டு எழுந்து நின்றேன். கால் இடுக்கில் இறங்கியது. பின்னாலிருந்து தண்ணீர் தள்ள, முகம் உள்ளே போனது.

நீ மடுவிலிருந்து ஏறி, வழுக்குப் பாறைகளில் மேல்நோக்கி ஓடி வந்தாய். என் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காலை உருவிவிட்டாய். நான் விடுபட்ட வேகத்தில் நீ சறுக்கினாய். உன் முழங்கால் பாறையில் மோதிய சத்தம் ஓடையின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

அடுத்த மாதம் உனக்கு ரயில்வேயில் விளையாட்டு வீரர்களுக்கான தேர்வு. அதற்காகத்தான் விடியற்காலையில் பொன்மலை மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினாய். ரயில்வே பணிமனை ஷிஃப்டுக்குப் போகிற உன் அப்பா சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போவார். அந்த முழங்கால் பிறகு மடங்கவே இல்லை. நீ டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கப் போனாய். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரியான நான் பரீட்சை எழுதி அரசாங்க ஆபீசில் உட்கார்ந்தேன். நான் எப்போது வந்து அந்தப் பேச்சை எடுத்தாலும், "ஆரம்பிச்சுட்டியா? காபி ஆறுது, குடி" என்பாய். ஒருமுறையாவது என்னைத் திட்டியிருக்கலாம் நீ.

காமாலையில் நீ போன அன்று உங்கள் குவார்ட்டர்ஸ் வீடு நிறைய ஆட்கள். வாசல்வரை ஆண்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், "பாவம், பொறந்ததுலேருந்தே காலு இப்படித்தானாம்" என்றாள். "அதான் கல்யாணமும் தட்டிப் போச்சு" என்றாள் இன்னொருத்தி.

தலைமாட்டில் இருந்த உன் அம்மா நிமிர்ந்தார்கள். அந்தப் பெண்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். அம்மாவுக்கு எல்லாம் தெரியும். இத்தனை வருடத்தில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை, காத்திருந்தார்கள், அவ்வளவுதான். நான் எழுந்து ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். எல்லாரும் பார்ப்பார்களே என்று முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தேன். அம்மா மறுபடி குனிந்துகொண்டார்கள்.

ஓடையில் எழக் கூடாது என்றாய், எழுந்தேன். உன் வீட்டில் எழுந்திருக்க வேண்டும், உட்கார்ந்திருந்தேன். அந்த வாக்கியம் இன்னும் என்னிடமேதான் இருக்கிறது. டைப் அடிக்கும்போதும், பஸ்ஸுக்கு நிற்கும்போதும் வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன்: அவள் நன்றாக ஓடுவாள், கடைசியாக அவள் ஓடி வந்தது என்னிடம்தான்.