வடக்குச் சுவர் மட்டும் மிச்சம்

பிஸ்மில்லாஹ்

கல்முனைக்குடி,
18.9.1954

அன்பு மகள் சுபைறாவுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். றஹ்மானுடைய கிருபையால் எனக்கு இங்கே நோய் நொடி ஒன்றுமில்லை. நீயும் உன் வயிற்றிலிருக்கிற பிள்ளையும் மருமகன் மர்சூக்கும் கொழும்பில் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டுமென்று ஐந்து வக்துத் தொழுகையிலும் கேட்கிறேன், இந்த இரண்டு நாளாக அழுதுகொண்டு கேட்கிறேன். வழக்கமாக நான் சொல்லச் சொல்ல உன் சாச்சி ஹப்ஸாதான் மருதமுனையிலிருந்து வந்து கடிதம் எழுதித் தருவாள், அது உனக்குத் தெரியும். இதை அவளிடம் சொல்ல எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என் தங்கைதான், என்றாலும் பெற்ற மகள் செய்த காரியத்தை எந்த வாயால் சொல்வேன்? அதனால் நானே எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்து வாசி, பாதியில் மடித்து வைத்துவிடாதே.

முந்தாநாள் வியாழக்கிழமை லுஹர் தொழுகைக்குப் பிறகு அக்கரைப்பற்றிலிருந்து ஆயிஷா உம்மா என்று ஒருவர், கலியாணம் பேசி முடித்த தன் மகளையும் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். முன்பின் தெரியாத முகம். யாரோ வழி தவறி வந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு பாயை விரித்து இருக்கச் சொன்னேன். அவர் இருக்கவில்லை, விறாந்தையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, ஊடு பாக்கத்தான் ராத்தா வந்த, உங்கட மகள் கொழும்புல இருந்து எழுதியிரிக்கா, என்றார். எந்த வீடு என்று கேட்டேனே, என் மடத்தனத்தைப் பார். இந்த ஊடுதான் ராத்தா, வேற எந்த ஊடு, என்று சொல்லி அந்தப் பிள்ளையிடம் கடிதத்தை எடுக்கச் சொன்னார். உன் கையெழுத்து. மருமகன் எழுதியதாக இருக்கக் கூடாதா என்று நான் எட்டி எட்டிப் பார்த்தேன், இல்லை, உன் கையெழுத்தேதான். அந்தப் பிள்ளை விரலை வைத்து ஒவ்வொன்றாக வாசித்தாள். கூரை ஓடு மாற்றியிருக்கிறது, மழைத்தண்ணீர்ப் பீலி புதிது, கிணறு இறைத்துச் சேறு அள்ளியிருக்கிறது, துருப்பிடித்த கதவுப் பிணைச்சல் எல்லாம் கழற்றிப் புதிதாகப் போட்டிருக்கிறது, முன்பக்கம் புது வெள்ளை. அவள் வாசிக்க வாசிக்க தாய்க்காரி அந்தந்த இடத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கடைசி வரியையும் வாசித்தாள். உம்மா எங்களோடு கொழும்புக்கு வந்துவிடுவார், வீட்டைக் காலி செய்வதில் தடங்கல் இராது என்று. சுபைறா, நான் கொழும்புக்கு வருகிறேன் என்பதை அக்கரைப்பற்றுப் பிள்ளை ஒன்று வாசிக்கத்தான் நான் அறிந்துகொள்ள வேண்டுமா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?

உன் மூன்று கடிதங்களையும் அலுமாரியிலிருந்து எடுத்து மறுபடி வாசித்துப் பார்த்தேன். நோன்புப் பெருநாள் முடிந்து ஒன்று வந்தது, உம்மா இந்த வருசம் கூரை ஓடுகளை ஒருக்கா முழுக்கப் பார்த்துவிடுங்கோ என்று. அடுத்தது கிணறும் பிணைச்சலும். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வந்த கடிதத்தில் வெள்ளை அடிக்கச் சொல்லியிருந்தாய். நீ போய் ஆறு வருசம், ஒரு வருசமாவது வீட்டைப் பற்றி ஒரு வரி கேட்டாயா? இந்த வருசம் கேட்கிறாளே, வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறாள், பிள்ளைப்பேற்றுக்கு உம்மாவிடம் வரத்தான் கேட்கிறாள் என்று எனக்குள்ளே முடிவு கட்டிவிட்டேன். வருகிறேன் என்று நீ ஒரு இடத்திலும் எழுதவில்லை, அதையும் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன். ஆனால் வரவில்லை என்றும் எழுதவில்லையே மகள். தலைப்பிள்ளையைப் பெற உம்மா வீட்டுக்கு வராத பெண் நம் ஊரில் யார் இருக்கிறாள், சொல்லு பார்ப்போம்.

மாரிக்கு முன்னம் வீட்டைச் சுற்றி வந்து பார்ப்பது எனக்குப் புதிதில்லை. உன் வாப்பா கலந்தர் நீ பால்பல் விழுந்த பிள்ளையாக இருந்தபோதே உனக்கென்று அத்திவாரம் போட்டுக் கட்டிய வீடு இது, உன் கலியாணத்தன்றே உன் பெயருக்கு உறுதிப் பத்திரம் எழுதியாகிவிட்டது. மருமகனுக்குக் கொழும்பில் வியாபாரம் என்று நீ போன பிறகும், வாப்பா மௌத்தாகிப் போன பிறகும், இது என் மகளின் அமானிதம், அவள் வந்து கேட்கிறபோது கொடுத்த மாதிரியே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றுதான் காத்தேன். வருசா வருசம் புரட்டாசி பிறந்தால் கறையான் புற்றைத் தட்டி கூரை வளையின் அடிக்குத் தார் பூசுகிறது, பீலியில் அடைத்த சருகை அள்ளுகிறது, குசினிக் கூரைக்குக் கிடுகு மாற்றுகிறது, ஒரு வருசமும் தவறியதில்லை. ஒரு வருசம் பாராமல் விட்டால் கடற்காற்று ஆணி முதற்கொண்டு தின்றுவிடும். இந்த வருசம் நீ வருகிறாய் என்ற சந்தோசப் புளுகத்தில் பாண்டிருப்புப் பாக்கியராசாவைக் கூப்பிட்டுக் கூரையில் ஏற்றி ஓடு ஓடாகத் தட்டிப் பார்க்க வைத்தேன். அவர் என்னைப் பரிகாசம் பண்ணினார், என்னக்கா கலியாண வீடோ என்று. ஓம், என் பேரப்பிள்ளை வருது என்று சொன்னேன். நடு அறை வளையில் தொட்டில் கட்டுகிற இரும்பு வளையம் துருவேறிக் கிடந்தது, அதை மட்டும் ஒருவரிடமும் கொடுக்காமல் மரவாங்கில் ஏறி நானே சுரண்டி எண்ணெய் போட்டேன். ஆயிஷா உம்மாவின் மகள் அதன் கீழே போய் நின்றுகொண்டு மேலே பார்த்துச் சிரித்தாள். அவள் ஒரு பாவமும் அறியாத பிள்ளை, எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை.

வெள்ளை அடிக்கிறபோது முன்பக்கம் முதலில் அடியுங்கோ என்று எழுதியிருந்தாய். அதுகூட எனக்கு உறைக்கவில்லையே. வாடைக் காற்றும் மாரி மழையும் சாய்ந்து அடிக்கிறது வடக்குச் சுவரில்தான், நாங்கள் எப்போதும் அதைத்தானே முதலில் முடிப்போம், நீயும் சின்னதில் என்னோடு நின்று வெள்ளை தோய்த்த தும்புக்கட்டையைப் பிடித்தவள்தானே. கொழும்புக்குப் போய் மறந்துவிட்டாள், சரி, பிள்ளை ஆசையாகக் கேட்கிறாள் என்று நீலமும் கொஞ்சம் கூடப் போட்டு முன்பக்கத்தைப் பளிச்சென்று அடித்துவிட்டேன். வருகிறவர்கள் கண்ணுக்குத்தான் அந்த முன்பக்கம் என்று இப்போது விளங்குகிறது. என் கையாலேயே என்னை வெளியே அனுப்ப வைத்தாயே மகள்.

இனி நான் செய்ததைக் கேள். ஆயிஷா உம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கிணற்றடியில் வந்து நின்றார். ராத்தா, நீங்களும் ஒரு பொம்புளப் புள்ளயப் பெத்த தாய், என்ட புள்ள சீவிக்கிற ஊடு, கோடைக்குத் தண்ணி உப்புக் கரிக்குமா, மாரிக்கு ஒழுகுமா, மறைக்காமச் சொல்லுங்க, என்றார். ஓம் கரிக்கும் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், பிள்ளையையும் இழுத்துக்கொண்டு அப்படியே பஸ் ஏறியிருப்பார். சொல்லத்தான் நினைத்தேன், அல்லாஹ் அறிவான், நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வரவில்லை மகள். இத்தனை வருசம் பார்த்துப் பார்த்து வைத்த வீட்டைப் பற்றி என் வாயால் பொல்லாப்புச் சொல்ல வரவில்லை. கரிக்காது, ஒழுகாது என்று உள்ளதைச் சொன்னேன். பிறகு ஒரு யோசனை வந்தது, பொய் சொல்லத்தான் கூடாது, உள்ள குறையைக் காட்டினால் என்ன என்று. அவரை வடக்குச் சுவருக்குக் கூட்டிக்கொண்டு போய், இன்னும் வெள்ளை படாமல் பாசி பிடித்துக் கிடக்கிறதையும், யன்னலுக்குக் கீழே ஒரு முழ நீளத்துக்கு ஓடுகிற வெடிப்பையும் விரலை வைத்துக் காட்டினேன். மனம் மாறிப் போய்விடுவார் என்று பார்த்தால் என் கையைப் பிடித்துக்கொண்டார். இத நீங்க காட்டாட்டி நான் பின்னுக்கு வந்து பாத்திரிக்க மாட்டன், இப்புடிப்பட்ட கையில இரிந்த ஊடுதான் என்ட புள்ளைக்கு வேணும், எங்கட அவர் அபூசாலிட்டச் சொல்லி இந்தக் கிழமையே பேசி முடிக்கிறன், என்றார். வேண்டாம் என்று சொல்ல வைக்கத்தான் காட்டினேன், அதுவே விற்றுக் கொடுத்துவிட்டது. நீ பத்துக் கடிதம் எழுதியிருந்தாலும் இப்படி விற்றிருக்க மாட்டாய்.

போகிறபோது வாசலில் நின்று ஒன்று கேட்டார். இவ்வளவு நல்ல ஊட்ட உங்கட மகள் என்னத்துக்கு விக்கிறா ராத்தா, உங்களோட மனஸ்தாபமா, என்று. அந்தப் பிள்ளையும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் மகள் என்னிடம் சொல்லாமல் விற்கிறாள் என்று சொன்னால் அக்கரைப்பற்றிலிருந்து மருதமுனை வரைக்கும் உன் பெயர் என்னவாகும்? மனஸ்தாபமா, அப்படி ஒன்றும் இல்லை, நான்தான் வயதான காலத்தில் தனியே இருக்க முடியாது, விற்றுவிடு மகள் என்று எழுதினேன், அவள் மாட்டேன் என்றுதான் அழுதாள் என்று சொன்னேன். வீட்டுக்காக வராத பொய் உனக்காகத் தடக்குப்படாமல் வந்தது. அன்றைக்கு நான் சொன்ன பொய் அது ஒன்றுதான் சுபைறா, மறுமையில் அதற்குக் கேள்வி வந்தால் நீதான் பதில் சொல்ல வேண்டும்.

நேரில் வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு விற்கட்டும் என்று எழுதத்தான் நினைத்தேன், ஆனால் ஆறு மாத வயிற்றோடு மட்டக்களப்பு ரயிலில் குலுங்கி வர வேண்டாம். உனக்காகக் கையெழுத்து வைக்க அதிகாரம் எழுதிக் கொடுத்து மருமகனையே அனுப்பு, உறுதி எழுதுகிற நொத்தாரிசிடம் கையெழுத்தை வைத்துவிட்டுப் போகட்டும், அவருக்குச் சோறும் ஆக்கி வைப்பேன், ஒன்றும் கேட்க மாட்டேன். நான் கொழும்புக்கு வரமாட்டேன், அதற்காக மெத்தை கித்தை வாங்கி வைக்காதே. ஹப்ஸா தன் வீட்டுப் பக்கத்தில் இறக்கிய சாய்ப்பில் ஒரு கட்டில் போடுகிறாள், அவளிடமும் ஆயிஷா உம்மாவிடம் சொன்ன கதையையே சொல்லியிருக்கிறேன். ரபியுல் ஆகிர் மாதத்தில் அந்தப் பிள்ளைக்குக் கலியாணமாம். மாரி இறங்குகிறதற்குள் பாக்கியராசாவைக் கூப்பிட்டு அந்த வெடிப்புக்குச் சாந்து வைத்து, வடக்குச் சுவரை இரண்டு தரம் வெள்ளை அடித்துவிட்டுத்தான் வெளியேறுவேன். உனக்காக இல்லை, சுவர் நனையும்.

பாரம் தூக்காதே, கிணற்றடியில் வழுக்கும், பார்த்து நட. அல்லாஹ் உன்னையும் பிள்ளையையும் இரண்டு உயிராகப் பிரித்து நல்லபடி கரை சேர்ப்பானாக. கோபத்தில் சாபம் பதுவா ஒன்றும் என் வாயில் வரவில்லை, வராது, பயப்படாதே. போகிறபோது நீ கொண்டுபோன வாசல் பூட்டுத் திறப்பு உன்னிடம்தான் கிடக்கிறது, அதை மறக்காமல் மருமகனிடம் கொடுத்து அனுப்பு, அந்தப் பிள்ளைக்கு இரண்டு திறப்பும் போய்ச் சேர வேண்டும். பிள்ளை பிறந்ததும் தந்தி அடி. இந்த விலாசத்துக்கு அடிக்காதே, மருதமுனைக்கு அடி.

உன் உம்மா
றுகையா