சூரியனில் இரும்பு இல்லை

நிலவின் மறுபக்க ஆய்வகம். எழுதுவது ஆவுடைச்செல்வி. கையில் கிடைத்தவர் படிக்கலாம்.

நாள் 212, 09:10
தொலைநோக்கி சீர். பக்கத்து கேலக்ஸியில் 88ஆம் நட்சத்திரத்தின் ஒளியைப் பிரித்துப் பதிவு செய்தேன். நட்சத்திரம் எவ்வளவு பழசோ, அவ்வளவு இரும்பு குறைவு. நாளை மறுதினம் இங்கிருக்கும் நாங்கள் மூவரும் விண்ணோடத்தில் பூமிக்குக் கிளம்புகிறோம்.

நாள் 213, 16:40
கருவியின் பிழையைக் கழிக்கும் புதுக் கோப்பு பூமியிலிருந்து வந்தது. போட்டுப் பார்த்தேன். 88இல் இரும்பே இல்லை! பிரபஞ்சத்தின் முதல் தலைமுறை! தரைநிலையத்தில் தேவகிருபை, இருபது வருடச் சிநேகிதி, என்னைவிட அதிகம் குதித்தாள்: "ஏட்டி, இத விட்டுட்டா வரப் போற? மூணு மாசத்துல அடுத்த ஓடம் வருது. இருந்து முடிச்சிட்டு வா." நானாகத்தான் தங்குகிறேன் என்று கையெழுத்துப் போட்டேன்.

நாள் 214, 07:00
மற்ற இருவரும் கிளம்பினார்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவசரம் போலிருக்கிறது.

நாள் 241, 11:05
வழக்கமான சரிபார்ப்பு. வெளிப்பாறையில் பட்டு வரும் சூரிய ஒளியை அளந்தேன். சூரியனிலும் இரும்பு இல்லை என்கிறது கருவி. நாலு தடவை அளந்தேன். பழைய கோப்பைப் போட்டேன். சூரியனில் இரும்பு உண்டு. 88இலும் கொஞ்சம் உண்டு, மற்ற கிழட்டு நட்சத்திரங்களைப் போலவே. புதுக் கோப்பு, பிரித்த ஒளியில் இரும்பு விடும் கோடுகளை மட்டும் மழித்திருக்கிறது. தானாக வந்த பிழை அல்ல, உட்கார்ந்து செய்த வேலை. செய்தவர் பெயர் கோப்பிலேயே இருக்கிறது: தேவகிருபை.

நாள் 241, 18:30
அவளிடமே கேட்டேன். பதில்: "ஓடத்துல ரெண்டு பேருக்குத்தான் எரிபொருள் இருந்துச்சு ஆவுடை. யாரையும் இறங்குன்னு சொல்ல எங்களுக்கு வாய் வரல. நீயா இருக்கேன்னு சொல்லிட்டா... அடுத்த ஓடம் இல்லட்டி. மன்னிச்சிரு."

நாள் 242
மற்ற இருவரையும் ஒரு நட்சத்திரத்தைக் காட்டி ஏமாற்ற முடியாது. என்னை முடியும். அது அவளுக்குத் தெரியும். விடுதியில் ஒரே தட்டில் சாப்பிட்டவளுக்குத் தெரியாதா? கேட்டிருந்தால் சீட்டுக் குலுக்கிப் போட்டிருப்பேனே பாவி. தோற்றிருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன்.

நாள் 249
ஆக்சிஜன் பதினேழு நாளுக்கு.
கிருபை கட்டுரையை வெளியிட்டுவிட்டாள். இரும்பில்லாத நட்சத்திரம். முதல் பெயர் என்னுடையது, முன்னால் 'மறைந்த' என்று. எனக்குச் செய்யும் மரியாதையாம்.
பொய் என்று எழுதி எல்லா ஆய்வகங்களுக்கும் அனுப்பினேன். போகவில்லை. திரும்பத் திரும்ப அனுப்பினேன். திரையில் ஒரே வரி:
"அனுமதி ரத்து. காரணம்: பயனர் உயிருடன் இல்லை."