கெட்டுப்போன பதிவுகளின் அமர்வு

பொன்னாடையின் வாசம் உனக்குப் பிடிக்காது. புதுச் சரிகையும் ஜவுளிக்கடைப் பூச்சியுருண்டையும் கலந்த அந்த வாசம் ஒரு மாதமாக என் அறையில் நிற்கிறது. ஆடை நாற்காலி முதுகில் கிடக்கிறது, எடுத்து மடித்துவைக்கக் கை வரவில்லை. நம் சங்கம் மேடையில் போட்ட முதல் பொன்னாடை அது. போட்டுக்கொண்டவன் நான். நீ உயிரோடு இருந்திருந்தால் முன்வரிசையிலேயே சிரித்து என் மானத்தை வாங்கியிருப்பாய். அப்படி வாங்கியிருந்தால் இன்று இந்த அளவுக்குக் கூசியிருக்க மாட்டேன்.

காட்டின் ஒலியைப் பதிந்து, அதைக் கேட்டே அங்கே என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று கண்டுபிடிப்பதை அன்றைக்கு ஒரு படிப்பாக யார் மதித்தார்கள்? நான் விலங்கியல் வாத்தியார், நீ இயற்பியல். என் துறையில் இதை இயற்பியல் என்று தள்ளினார்கள், உன் துறையில் தவளை பிடிக்கிறவன் வேலை என்றார்கள். நம்மைப் போல் ஆங்காங்கே தனியாக மைக்கோடு அலைந்தவர்களை நீதான் தேடிப்பிடித்துத் தென்காசியில் ஒரு ஹோட்டல் மாடியில் உட்காரவைத்தாய். சங்கம் என்றால் செயலாளர் பதவிக்குச் சண்டையும் குரூப் போட்டோவும்தானே என்று நான் முகத்தைச் சுளித்தேன். “ஏலே, ஆளுக்கு ஒரு விதமாப் பதிஞ்சிட்டு இருந்தா அதுக்குப் பேரு ஆராய்ச்சியா? அவனவன் பொழுதுபோக்கு” என்றாய்.

அன்று பேசி முடித்த பிறகுதான் எல்லோரும் ஒரே உயரத்தில் மைக்கைக் கட்டி, ஒரே பொழுதில் பதியத் தொடங்கினோம். வாசுதேவநல்லூர் மலையடியில் ஒருவர் பதிந்ததைக் குற்றாலத்துப் பதிவோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. நம் பிள்ளைகளின் ஆய்வேட்டைப் படித்துப் பார்க்கவும் ஆள் கிடைத்தார்கள்.

ஆண்டுக்கூட்டத்தின் முதல் அமர்வை மட்டும் நீ யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த வருடம் கெட்டுப்போன வேலையை அவரவர் எழுந்து சொல்ல வேண்டும். ஐந்தருவிப் பக்கம் ஒரு சீசன் முழுக்க நீ கருவியை வைத்துவிட்டு வந்ததையும், அதில் அருவி இரைச்சலும் எண்ணெய் தேய்ப்பவர்கள் ஆள் கூப்பிடும் சத்தமும் தவிர ஒன்றுமே இல்லாததையும் நீயே போட்டுக் காட்டினாய். கூடம் சிரித்து அடங்க வெகுநேரமானது. அதன்பின் நம்மில் யாரும் அருவிக்குப் பக்கத்தில் கருவி வைக்கவில்லை. “பேப்பர்ல வாறதெல்லாம் ஜெயிச்ச கததான்லே. தோத்த கதயச் சொல்லுததுக்கு ஒரு எடம் வேண்டாமா?” என்பாய்.

இந்த வருடக் கூட்டம் குற்றாலத்தில் நடந்தது. தலைவர் நான். பல்கலைக்கழகத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். அவர் மனம் வைத்தால் நம் படிப்புக்குத் தனிப் பாடமாக அங்கீகாரம் கிடைக்கும் என்றார்கள். அவர் முன்னால் போய்த் தோல்விகளைக் கடை பரப்ப வேண்டாம், இந்தத் தடவை முதல் அமர்வை எடுத்துவிடலாம் என்றேன். யாரும் மறுக்கவில்லை.

அது ஊருக்குச் சொன்ன காரணம். உனக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சாரல் காலத்தில் என் பதிவுகள் அத்தனையும் பாழ். காற்றிரைச்சல் விழாமலிருக்க மைக்குக்குப் புதிதாக வாங்கிய பஞ்சுறை தண்ணீரில் ஊறி, சின்னத் தவளைகளின் கீச்சுக் குரலை முழுக்க விழுங்கிவிட்டது. நேற்று வந்த பிள்ளை செய்கிற பிழை. அதை மேடையில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

கடையநல்லூரிலிருந்து பாத்திமா என்று ஒரு பெண் வந்திருந்தாள். முதல் வருட ஆய்வு மாணவி. அவள் கல்லூரியில் இந்த வேலையைச் செய்கிறவள் அவள் ஒருத்திதான். நாள் முழுக்கப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவள், நான் பொன்னாடையோடு காரில் ஏறப்போகும்போது ஓடிவந்தாள். அவளுக்கும் அதே பஞ்சுறை, அதே பாழ். வேறு கல்லூரி சீனியர்கள் அந்த அமர்வைப் பற்றிச் சொல்லித்தான் வந்தாளாம்.

“சார், இந்த வருஷம் வேற யாருக்கும் கெட்டுப்போகலியா? எனக்கு மட்டுந்தானா?”

அதிகாரி காருக்குள் உட்கார்ந்திருந்தார். அடுத்த வருடம் சரியாகிவிடும் அம்மா என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டேன். அவள் தலையை ஆட்டினாள். கார் தென்காசி வந்து சேரும்வரை அதிகாரி நம் சங்கத்தைப் புகழ்ந்துகொண்டே வந்தார், நான் சிரித்துக்கொண்டே வந்தேன். தூ என்று இருக்கிறதடா.

முந்தாநாள்தான் தைரியம் வந்து அவளை ஃபோனில் கூப்பிட்டேன். எனக்கும் அதே உறைதான், எனக்கும் எல்லாம் போயிற்று என்று சொன்னேன்.

“நான் ஆராய்ச்சிய விட்டுட்டு பி.எட்.ல சேந்துட்டேன் சார்” என்றாள். பிறகு, கோபம் துளியும் இல்லாமல் சொன்னாள்: “அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா நாம ரெண்டு பேரா இருந்திருப்போம்லா சார்.”

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். வகுப்பில் நிற்கும்போதும் காட்டில் நடக்கும்போதும் அந்தக் குரலைத்தான் சுமந்துகொண்டிருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் உன் அமர்வு உண்டு, முதலில் எழுந்து சொல்லப்போகிறவன் நான்தான். கேட்க வேண்டியவள் அங்கே இருக்கமாட்டாள்.