வியாழக்கிழமை வாசல்

படாளம்
19-7-98, ஞாயிறு

அன்புள்ள பிரபாவுக்கு,

வேண்டா அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நானும் மாமாவும் பிள்ளைகளும் சுகம். கோவளத்தில் நீயும் பாப்பாவும் சுகமாக இருக்க வேண்டும். பாப்பாவுக்குக் கடல்காற்று ஒத்துக்கொண்டதா? சளி இழுத்தால் அலட்சியமாக இருக்காதே.

இதற்கு முன் இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். ஏன் என்பது கீழே வரும்.

வெள்ளிக்கிழமை கம்பெனி கேட்டில் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். பதினாறு பெயர்கள். வருகிற 27-ஆம் தேதி திங்கள் காலை எட்டு மணிக்குள் வராதவர்கள் தாங்களாகவே வேலையை விட்டவர்களாகக் கருதப்படுவார்கள் என்று எழுதியிருக்கிறது. ஒன்பதாவது பெயர் உன்னுடையது. இரண்டு முறை படித்தேன். இனிஷியல் உட்பட நீதான்.

ஷூ ஆர்டர் குறைந்துவிட்டது, ஜூன் 8 முதல் திங்கள், செவ்வாய், புதன் மட்டும்தான் வேலை என்று நோட்டீஸ் போட்டார்களே, அந்த முதல் வியாழக்கிழமை நீ டிபன் டப்பாவோடு பஸ் நிறுத்தத்துக்கு வந்தாய். பூட்டின கேட்டைப் பார்க்கவா பஸ் ஏறுகிறாய், பேசாமல் வீட்டுக்குப் போ என்று உன்னைத் திருப்பி அனுப்பியது நான். மூன்று வாரம் கழித்து, மூன்று நாள் சம்பளத்தில் தனியாகத் திண்டாடாதே, அண்ணன் வீட்டுக்குப் போ, ஆறு நாள் வேலை வந்ததும் எழுதுகிறேன் என்று சொன்னதும் நான்தான். இதை எழுத முடியாமல்தான் இரண்டு காகிதம் கிழிந்தது.

அந்த வியாழக்கிழமை கேட்டுக்கு வந்தவள் செங்கம்மாள் ஒருத்திதான். சட்டம் தெரிந்து வரவில்லை. பகல் முழுக்க மாமியாரோடு வீட்டில் இருக்க முடியாமல் வந்தாள். வாட்ச்மேன் துரை, "இன்னா செங்கம்மா, எனக்குத் தொணைக்கு வந்துகீறியா?" என்று கேட்டாராம். இவள், "எங்க மாமியா மூஞ்சிக்கு உன் மூஞ்சி தேவல, அண்ணாத்த. வேல கீதா இல்லியா, அத்தச் சொல்லு" என்றாளாம். அவர் விளையாட்டாகக் கேட் நோட்டில், "செங்கம்மாள், 8.05, வேலை கேட்டு வந்தார், இல்லை என்று அனுப்பினேன்" என்று எழுதி வைத்திருக்கிறார். அதன் பிறகு ஒரு வியாழன், வெள்ளி, சனி விடாமல் அவள் வந்தாள், அவர் எழுதினார். புதன்கிழமை சாயங்காலமானால் "நாளைக்கும் டூட்டியா?" என்று அவளைக் கேட்டு நாம் சிரித்தோமே, நினைவிருக்கிறதா?

9-ஆம் தேதி ஐந்து பேர் செங்கல்பட்டில் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனோம். அங்கே ஒரு அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். நம்மைப் போல வருஷக்கணக்காக இருப்பவர்களுக்குக் கம்பெனி வேலை கொடுக்காமல் நிறுத்தினால், அந்த நாட்களுக்குப் பாதிச் சம்பளம் கேட்க உரிமை உண்டு. ஆனால் வேலை நேரத்தில் தினம் ஒரு தடவையாவது கேட்டுக்கு வந்திருக்க வேண்டும் என்றார்கள். வேலை இல்லை என்று அவர்களே சொன்ன பிறகுமா என்று கேட்டேன். "சொன்னாலும் வரணும்மா. நீங்க தயாரா வந்தீங்க, அவங்கதான் குடுக்கலன்னு அப்பதான் ஆகும்" என்றார்கள். கழிந்துபோன நாட்களுக்குக் கேட்கக்கூடியவள் செங்கம்மாள் மட்டுமே. திரும்பும் பஸ்ஸில் ஆளாளுக்குப் போன நாட்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தோம். அவள்தான், "இன்னா, எழவு வூட்டுக்குப் போய்ட்டு வராப்புல கீறீங்க? நாளைக்கு எட்டு மணிக்கு வந்து சேருங்க" என்றாள்.

மறுநாளிலிருந்து நாற்பது பேர் போய் நிற்கிறோம். கேட் நோட்டை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டார்கள். அது இனி வெளியே வருமா, தெரியாது. எழுதின கை தன்னுடையது, யார் கேட்டாலும் சொல்வேன் என்கிறார் துரை. நாங்கள் ஆளுக்கு ஒரு தபால் கார்டில் "இன்று எட்டு மணிக்கு வேலைக்கு வந்தேன், கொடுக்கவில்லை" என்று எழுதி, கம்பெனி விலாசத்துக்கே போடுகிறோம். தபால் முத்திரையில் தேதி விழுகிறதே. செங்கம்மாளுக்கு நான் எழுதித் தருகிறேன், அவள் கைநாட்டு வைக்கிறாள். சும்மா நிற்பது தைப்பதைவிடக் கஷ்டமாக இருக்கிறது, பிரபா. உட்கார்ந்தால் கால் தானாகப் பெடலைத் தேடுகிறது.

பட்டியலைப் பார்த்த அன்றே மறுபடி செங்கல்பட்டு போய்க் கேட்டோம். ஒட்டினதாலேயே பெயரை அடித்துவிட முடியாது, ஆனால் ஆள் நேரில் வந்து நிற்க வேண்டும் என்று அலுவலகத்து அம்மா சொல்கிறார்கள்.

போன ஞாயிறு மதுராந்தகத்தில் ஒரு கல்யாணத்தில் உன் அண்ணன் சீனுவைப் பார்த்தேன். "அவ நம்ம கடையில குந்திகினு நிம்மதியா கீறா, வுட்டுடு" என்றார். நீ நிம்மதியாக இருந்தால் எனக்குச் சந்தோஷமே. ஆனால் அதை நீ உன் வாயால் சொல்லி நான் கேட்கவில்லை. ஒன்பது வருஷ வேலை. விடுவதென்றால் நீ விடு. நான் சொன்னதைக் கேட்டதனால் அது போகக் கூடாது.

26-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பாப்பாவோடு புறப்பட்டு வா. மாமல்லபுரத்தில் இறங்கிச் செங்கல்பட்டு பஸ் ஏறு, அங்கே மதுராந்தகம் பஸ்ஸுக்கு மாறு. மூன்று மணியிலிருந்து படாளம் நிறுத்தத்தில் நிற்பேன். ராத்திரி எங்கள் வீட்டில் படுத்துக்கொள்ளலாம்.

உனக்கும் ஒரு கார்டு வாங்கிக் கம்பெனி விலாசம் எழுதினேன். மறுபக்கமும் நானே எழுதி, உன் கையெழுத்தையும் போட்டுவிடலாம் என்று பேனாவைத் திறந்தேன். செங்கம்மாள் பிடுங்கிக்கொண்டாள். வராத ஆளை வந்ததாக எழுதினால் வந்த நாற்பது பேரும் பொய்யாகிவிடுவோம் என்றாள். அவள் சொல்வது சரிதான். கார்டு அவளிடம் இருக்கிறது. மறுபக்கம் இன்னும் காலியாகவே இருக்கிறது.

பாப்பா நோய்நொடி இல்லாமல் நன்றாக வளரட்டும். வா, பிரபா.

உன்னை எதிர்பார்த்து நிற்கும்,
வேண்டா அக்கா